நிலையம் நான்கு, வலையிறவு

காலை ஆறு பத்து. உப்பு: ஆயிரத்தில் இரண்டு.
நாக்குக்குத் தெரியாது, இறாலுக்குத் தெரியும்.
கறுப்பும் வெள்ளையும் பூசிய தட்டைக்
கயிற்றில் கட்டி இறக்குகிறேன்.
முப்பத்தெட்டுச் சென்ரிமீற்றரில் காணாமல் போகிறது.
"சோறில்லாத் தட்டை வாவிக்கு ஏன் மிஸ் காட்டுறீங்க?"
தோணி வலிக்கும் மீராலெவ்வை
ஒவ்வொரு மாதமும் கேட்பார், கேட்டுவிட்டுச் சிரிப்பார்.
இந்த மாதம் கேட்டார். சிரிக்கவில்லை.

வாவி ததும்பி நிற்கிறது.
படுவான்கரையில் வெள்ளாமை கழுத்தளவு தண்ணீரில்.
மேட்டில் எறிந்த யூரியா பள்ளம் தேடி வந்து
பாலத்தடியில் பச்சையாய் முளைத்திருக்கிறது,
வேரில்லை, இலையில்லை,
ஒரு துளிக்குள் ஓர் ஊர்ச்சனம் அடங்கும் பயிர்.
தாவரப் பிளாந்தன் என்று படிவத்தில் எழுதுகிறேன்.
மீராலெவ்வைக்கு அது பாசித்தண்ணி.
வலைக்கண் அடைபட்டதும் அவர் கைக்குத் தெரிகிற கணக்கு
எனக்கு வந்துசேர மூன்று நாள்.

போத்தலுக்குள் அயடீன் ஐந்து துளி.
தேநீர் நிறம்.
உள்ளே நீந்தியது, பிரிந்தது, பெருகியது
அந்தந்த இடத்தில் அப்படியே நிற்கிறது.
மன்னிப்புக் கேட்க ஒரு நிரல்
படிவத்தில் இல்லை.

கச்சேரியில் கூட்டம்.
"இண்டைக்கே ஆத்துவாய வெட்டுங்க.
மறுகா அறுக்க என்ன இரிக்கி?"
சிவனேசனின் முழங்கால்வரை சேறு, கதிரையிலும் சேறு.
"பத்து நாள் பொறுங்க. இறால் இன்னும் விரல் நீளம் வரல்ல,
குஞ்சோட கடலுக்குப் போயிரும்."
முகத்துவாரத்து யோகமலர், எழும்பி நின்றபடி.
இரண்டு பேரும் சொன்னது சரி.
அதனால்தான் மூன்று மணிவரை இழுத்தது.

"கம்பஸ் பிள்ள சொல்லட்டும்" என்றது பின்வரிசை.
ஏழு போத்தலில் மூன்றைத்தான் எண்ணியிருந்தேன்.
நைத்திரேற்று கூடியிருக்கு.
எதவிட?
புரட்டாதியவிட.
மழைக்கு முன்னமா?
ஓம்.
மழை பெஞ்சா கூடும்தானே பிள்ள?
ஓம்.
அப்ப வெட்டவா, வேணாமா?
தெரியாது.

கூட்டக் குறிப்பில் 'தெரியாது' ஏறவில்லை.
'விஞ்ஞான ரீதியான ஆட்சேபனை இல்லை' என்று ஏறியது.
என் பெயர்கூடச் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள்.

இரவு பதினொன்றேகால். பாலமீன்மடுப் பக்கம் ஒரு பெக்கோ.
முதலில் ஒரு மண்வெட்டி அகலம்.
விடியும்போது மணல்திட்டு தன்னைத் தானே தின்று
வாய் பெருத்துக் கிடந்தது.
ஆற்றுவாழை, ஒற்றைச் செருப்பு, காலுடைந்த பிளாஸ்டிக் கதிரை,
ஒரு போகத்து உரம்,
விரல் நீளம் வராத இறால்.
கண்ணுக்கெட்டிய கடல் முழுக்க மண்ணிறம்.
இடுப்பளவு தண்ணீரில் யோகமலர்
கைவலையால் அள்ளினாள்.
அள்ளியதைப் பார்த்தாள்.
திரும்பத் தண்ணீரில் விட்டாள். எந்தப் பக்கம் விட்டாளென்று
எனக்குத் தெரியவில்லை.
அவள் என்னைக் கண்டாளா, அதுவும் தெரியவில்லை.
"கிறுகுவம்" என்றார் மீராலெவ்வை.

பத்தாம் நாள். உப்பு: பத்தொன்பது.
தட்டு ஒரு மீற்றர் தாண்டியும் தெரிந்தது.
படுவான்கரையில் தண்ணீர் வடிந்து
பாதி வயல் நிமிர்ந்தது. மற்றப் பாதி மணத்தது.

இரவு, ஆய்வுகூடம்.
ஆயிரம் சதுரம் கீறிய கண்ணாடித் துண்டு,
ஒரு கண் நுணுக்குக்காட்டியில், ஒரு கை எண்ணியில்.
பச்சை குறைந்திருக்கிறது.
அறுநூற்றுப் பன்னிரண்டாம் சதுரத்தில்
முள்முள்ளாய் மயிர் நீட்டி,
கண்ணாடிப் பெட்டிகள் கோத்த சங்கிலிபோல் ஒன்று.
கடலுடையது. அதற்கு நீந்தத் தெரியாது,
பெருக்குத்தண்ணீர் வெட்டின வாயால் கூட்டி வந்து
பாலத்தடியில் விட்டிருக்கிறது.
பட்டியலில் அதற்குப் பெயரில்லை.
ஒன்று என்று எழுதினேன்.

கரண்ட் போனது.

கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் இடம் தவறும்.
இருட்டுக்குள் உரக்கச் சொன்னேன்:
"அறுநூற்றுப் பன்னிரண்டு."
வாசலில் காவல் இருந்த பாலிப்போடி
டோர்ச்சைத் தட்டித் தட்டிக் கேட்டார்,
"என்ன மிஸ்?"
"அறுநூற்றுப் பன்னிரண்டு. மறக்காம வெச்சிருங்க."
"ஓம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து,
"அறுநூற்றுப் பன்னிரண்டு என்ன?"